தையல் லைனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது எப்படி: சேலத்து யூனிட்டுகளில் புதிதாக ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலைக்கு வருபவர்களுக்கு

சட்டை தைக்கிற லைன் ஒன்று. எக்ஸெல்லில் பேலன்ஸ் (எந்த மெஷினுக்கு எவ்வளவு வேலை என்ற பங்கீடு) போட்டால் ஒரு ஷிஃப்டுக்கு 600 பீஸ் வரவேண்டும் என்று கணக்கு சொல்கிறது. மாலையில் போர்டில் 450தான் நிற்கிறது. சூப்பர்வைசர் டெய்லரைச் சொல்கிறார், டெய்லர் கட்டிங்கைச் சொல்கிறார், கட்டிங் ஸ்டோரைச் சொல்கிறது. காணாமல் போன அந்த 150 பீஸ் எங்கே போயிற்று என்று ஆளாளுக்குப் பழி போடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லைனை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி, ஓட்டிப் பார்ப்பது. சிமுலேஷன் என்பது அவ்வளவுதான்.

நான் இதைக் கற்றுக்கொள்ள ரொம்பவே திண்டாடினேன். கிடைத்த பாடங்கள் எல்லாம் வங்கிக் கவுண்டரையும் கார் தொழிற்சாலையையும் வைத்தே எழுதப்பட்டிருந்தன. பண்டில் (ஒன்றாகக் கட்டிய வெட்டுத் துண்டுகள்), ஆல்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்), காஜா (பட்டன் ஓட்டை) மெஷினுக்கு முன்னால் குவியும் மூட்டை, பண்டிகைக்கு ஆள் வராத வாரம், இவை எதுவும் அவற்றில் இல்லை. கொண்டலாம்பட்டி, ஓமலூர், தாரமங்கலம் பக்கம் தையல் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களும், கடைசி வருட பிராஜெக்டுக்கு யூனிட் தேடும் மாணவர்களும் அதே திண்டாட்டத்தைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸெல் ஷீட் தப்பாவதற்குக் காரணம் அது சராசரியை மட்டும் பார்ப்பது. 480 நிமிட ஷிஃப்டில் 600 பீஸ் வேண்டுமென்றால் 48 விநாடிக்கு ஒரு பீஸ் வெளியே வரவேண்டும். அடுத்தடுத்து உள்ள இரண்டு மெஷினிலும் சராசரி 48 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் 600 வந்துவிடும். நிஜத்தில் முதல் மெஷினில் ஒரு பீஸுக்கு 60 விநாடி ஆனால் இரண்டாவது மெஷின் 12 விநாடி சும்மா நிற்கும். அடுத்த பீஸை முதல் டெய்லர் 36 விநாடியில் முடித்துவிட்டாலும் அந்த 12 விநாடி திரும்ப வராது. பீஸ்தான் போய்க் காத்திருக்கும். நாள் முழுக்க, லைன் முழுக்க இதுவே நடக்கிறது. நடுவில் பண்டில்களைச் சேர்த்துவைத்தால் இந்த இழப்பு குறையும், ஆனால் சரக்கு தேங்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று ஷீட்டால் சொல்ல முடியாது. மாறுபாட்டை உள்ளே வைத்து ஓட்டும் மாடலால் முடியும். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த மாறுபாட்டை உள்ளபடி திரட்டுவதற்குத்தான்.

மொத்தம் ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரம் பாதிகூட இருக்காது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"லைனை மேம்படுத்த வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. "இதே ஆட்களை வைத்து ஒரு ஷிஃப்டுக்கு 520 பீஸ் எடுக்க எந்த மெஷினில் மாற்றம் செய்யவேண்டும்?" என்பது கேள்வி. "பண்டில் அளவை 20-லிருந்து 10 ஆக்கினால் உற்பத்தி குறையுமா?" என்பதும் கேள்விதான். எழுதியதைப் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் மாடல் வளர்ந்துகொண்டே போகும். கேன்டீன் வரை வரைந்துகொண்டிருப்பீர்கள்.

ஒரு லைன், ஒரு ஸ்டைல் போதும். அந்த ஸ்டைல் இன்னும் ஒரு மாதமாவது ஓடுமா என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நேரம் எடுத்து முடிப்பதற்குள் ஆர்டர் முடிந்துவிட்டால் எல்லாம் வீண்.

2. அனுமதி, ஆவணங்கள்

வெளியிலிருந்து வரும் மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைட் கடிதம், வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம், அடையாள அட்டை நகல் மூன்றும் வேண்டும். பையரின் ஸ்டைல் விவரம் வெளியே போகாது என்று ஓர் உறுதிமொழிக் கடிதத்தையும் நீங்களே டைப் செய்து கொண்டுபோய்விடுங்கள். கேட்கும்வரை காத்திருந்தால் ஒரு வாரம் போய்விடும். போட்டோ, வீடியோ எடுக்க அனுமதி வேண்டுமானால் அதைக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதி ஃப்ளோரில் செல்லாது.

யூனிட்டிடம் நீங்கள் கேட்கவேண்டியவை:

- ஆபரேஷன் புல்லட்டின் (எந்த ஆபரேஷன், எந்த மெஷின், எவ்வளவு எஸ்.ஏ.எம்., அதாவது ஒரு பீஸுக்கு ஒதுக்கிய தர நிமிடம்)
- லைன் லேஅவுட். பெரும்பாலும் பழையதாக இருக்கும். நீங்களே நடந்து திருத்தவேண்டி வரும்.
- மூன்று மாத வருகைப் பதிவு. பெயர் தேவையில்லை, டோக்கன் எண் போதும்.
- மணிவாரி உற்பத்தி ரிப்போர்ட்
- மெக்கானிக்கின் பிரேக்டவுன் நோட்டு
- எண்ட்லைன் செக்கிங்கின் ஆல்டர் ரிப்போர்ட்
- எந்த டெய்லருக்கு எந்தெந்த ஆபரேஷன் தெரியும் என்ற பட்டியல்

கடைசிப் பட்டியல் சின்ன யூனிட்டுகளில் தாளில் இருக்காது, சூப்பர்வைசர் தலைக்குள்தான் இருக்கும். டீ டைமில் அவரோடு உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பிரேக்டவுன் நோட்டைப் பார்க்கும்போதும் ஜாக்கிரதை. ஐந்து நிமிடத்தில் சரியான பழுதை எந்த மெக்கானிக்கும் எழுதமாட்டார். அரைமணி நேரம் நின்றதுதான் நோட்டில் ஏறும். அந்தச் சின்னச் சின்ன நிறுத்தங்களை நீங்கள்தான் கண்ணால் பார்த்து எழுதவேண்டும்.

3. மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள்

முதல் மாடலுக்கு இலவச மென்பொருளே போதும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் சிம்பை. தெரியாவிட்டால் ஜாம்சிம், பெட்டிகளை இழுத்துப் போட்டு இணைக்கலாம், பீஸ் நகர்வதைத் திரையில் பார்க்கலாம். இரண்டும் ஓப்பன் சோர்ஸ், யூனிட் வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

கல்லூரிகளில் பெரும்பாலும் அரீனா சொல்லித்தருவார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் மாணவர் பதிப்பில் ஒரே நேரத்தில் 150 பொருள்களுக்கு மேல் மாடலுக்குள் இருக்கமுடியாது. ஒவ்வொரு பீஸையும் ஒரு பொருளாகப் போட்டால் முதல் மணி நேரத்திலேயே மாடல் நின்றுவிடும். பண்டிலை ஒரு பொருளாகப் போட்டால் சமாளிக்கலாம். எனிலாஜிக்கின் இலவசப் பதிப்பு படிப்பதற்கு மட்டும். யூனிட்டுக்கு ரிப்போர்ட் கொடுத்துக் கட்டணம் வாங்கப்போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். அரீனா மாணவர் பதிப்புக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

செலவு என்று பார்த்தால் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு கிளிப் பலகை, ஜெராக்ஸ். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். செல்போனில் நேரம் எடுக்காதீர்கள். பல யூனிட்டுகளில் ஃப்ளோருக்குள் போன் கூடாது, அனுமதித்தாலும் நீங்கள் படம் எடுக்கிறீர்களோ என்று டெய்லர்களுக்குச் சந்தேகம் வரும்.

4. லைனை நடந்து வரையுங்கள்

புல்லட்டினை நம்பி வரையாதீர்கள். ஒரு பண்டிலின் பின்னாலேயே கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடங்கள். சட்டை லைனில் காலர், கஃப், ஸ்லீவ், முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனிக் கிளைகள் ஓடி அசெம்பிளியில் சேரும். சேரும் இடங்கள்தான் முக்கியம். ஷேடு மாறாமல் இருக்க ஒரே பண்டில் எண்ணுள்ள காலரும் பாடியும்தான் சேரவேண்டும். 17-ஆம் எண் பாடி தயாராக நிற்கும், 17-ஆம் எண் காலர் இன்னும் வந்திருக்காது, ஆனால் 19-ஆம் எண் காலர் வந்துவிட்டிருக்கும். டெய்லர் முன்னால் இரண்டு பக்கமும் மூட்டை இருந்தும் கை சும்மா இருப்பது இதனால்தான்.

மாடலில் "ஏதாவது ஒரு காலர், ஏதாவது ஒரு பாடி" என்று சேர்த்துவிட்டால் இந்தக் காத்திருப்பு மறைந்துபோய், நிஜத்தைவிட அழகான லைன் கிடைக்கும். பண்டில் எண் பார்த்துச் சேர்க்கும்படி கட்டுங்கள். ஜாம்சிம், அரீனா இரண்டிலும் அதற்கு வசதி இருக்கிறது; சிம்பையில் வடிகட்டி எடுக்கும் ஸ்டோரைப் பயன்படுத்தலாம்.

5. நேரம் எடுப்பது

இதற்குக் குறைந்தது இரண்டு முழு வாரம் வேண்டும்.

முதலில் டெய்லர்களிடம் பேசுங்கள். ஸ்டாப்வாட்சோடு ஒருவர் பின்னால் நின்றால் டார்கெட் ஏறப்போகிறது, பீஸ் ரேட் குறையப்போகிறது என்றுதான் எந்த டெய்லரும் நினைப்பார். அப்படி நடந்த யூனிட்டுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. "அக்கா, உங்க வேகத்தை அளக்க வரலை. உங்களுக்கு ஃபீடிங் எங்கே தாமதமாகுதுன்னு பார்க்க வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். தாளில் பெயர் எழுதாதீர்கள். ரீடிங் தாளை யார் கேட்டாலும் டெய்லர்வாரியாகக் கொடுக்கமாட்டேன் என்று மேனேஜரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த நேரத்தை நம்பி ஒரு முடிவும் எடுக்கமுடியாது. யாரோ வேண்டுமென்றே மெதுவாகத் தைத்திருப்பார், யாரோ பதற்றத்தில் வேகமாகத் தைத்திருப்பார்.

முதல் நாள் எடுக்கும் ரீடிங்கைச் சேர்க்கவேண்டாம். நீங்கள் அங்கே நிற்பது பழகிப்போன பிறகு வருவதுதான் உண்மையான நேரம்.

தொடக்கமும் முடிவும் எல்லா ரீடிங்குக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பீஸைக் கையில் எடுப்பதிலிருந்து அடுத்த பீஸைக் கையில் எடுப்பது வரை என்று வைத்துக்கொள்வது எளிது. பண்டில் அவிழ்ப்பது, கட்டுவது, டிக்கெட் கிழிப்பது ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள்.

எத்தனை ரீடிங் வேண்டும்? முதலில் ஒரு பத்து, இருபது எடுத்துச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (ரீடிங்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, எக்ஸெல்லே கணக்கிட்டுத் தரும்) பாருங்கள். திட்ட விலக்கத்தை 1.96-ஆல் பெருக்கி, சராசரியின் 5 சதவீதத்தால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். சராசரி 50 விநாடி, விலக்கம் 10 விநாடி என்றால் 62 ரீடிங் வேண்டும். விலக்கம் 5 விநாடி என்றால் 16 போதும். ஆகவே காலர் அட்டாச், ஸ்லீவ் அட்டாச் மாதிரி ஏறி இறங்கும் ஆபரேஷன்களுக்கு நிறைய எடுங்கள். பட்டன், காஜா மாதிரி மெஷினே நேரத்தை முடிவுசெய்யும் இடங்களில் கொஞ்சம் போதும். 62-யையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். காலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷிஃப்ட் முடியும் நேரம் என்று பிரித்து, சில நாட்களில் பரப்பி எடுங்கள்.

இனி, பலரும் விழும் குழிகள்.

முதலாவது, பட்டினி நேரம். முன்னால் பண்டில் இல்லாதபோது எந்த டெய்லரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார், மெதுவாகத் தைப்பார். அந்த நேரத்தில் எடுத்த ரீடிங் அவருடைய வேகத்தைக் காட்டாது, அவருக்கு முந்தின மெஷினின் வேகத்தைத்தான் காட்டும். குறைந்தது ஒரு பண்டிலாவது காத்திருக்கும்போது மட்டும் நேரம் எடுங்கள்.

இரண்டாவது, எஸ்.ஏ.எம்.-ஐ அப்படியே மாடலில் போடுவது. எஸ்.ஏ.எம். என்பது பார்த்த நேரத்தை ரேட்டிங்கால் (டெய்லரின் வேகத்துக்குப் போடும் மதிப்பு) பெருக்கி, அதன்மேல் அலவன்ஸ் (ஓய்வு, தடங்கல்களுக்கான கூடுதல் நேரம்) சேர்த்து வருவது. 50 விநாடி பார்த்து, ரேட்டிங் 90 சதவீதம் போட்டால் 45. அதற்கு 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்தால் 51.75 விநாடி. சம்பளத்துக்கும் விலை சொல்வதற்கும் அது சரி. சிமுலேஷனில் நூல் அறுவது, மெஷின் நிற்பது, இடைவேளை எல்லாவற்றையும் தனியாக வைக்கப்போகிறோம். அலவன்ஸோடு கூடிய நேரத்தையும் போட்டால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். பார்த்த நேரத்தை மட்டும் போடுங்கள்.

மூன்றாவது, நீளமான ரீடிங்குகளை "இது தப்பு" என்று அடித்துவிடுவது. 50 விநாடி ஆகும் இடத்தில் 110 விநாடி ஆகியிருந்தால் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். பாபின் மாற்றியதா, ஊசி உடைந்ததா, பீஸைப் பிரித்துத் தைத்ததா? காரணம் தெரிந்தவற்றைத் தனிப் பட்டியலுக்கு மாற்றுங்கள். தெரியாதவற்றை அப்படியே விட்டுவையுங்கள்.

நான்காவது, ஸ்டைல் மாறிய முதல் சில நாட்களின் நேரத்தையும் பழகிய பின் எடுத்த நேரத்தையும் கலப்பது. இரண்டும் வேறு வேறு லைன்கள் என்றே நினையுங்கள்.

6. நேரத்தைத் தவிர லைனை நிறுத்துபவை

ஆள் வராமைதான் நம் பக்கத்தில் பெரிய விஷயம். வருகைப் பதிவிலிருந்து தினமும் எத்தனை பேர் வரவில்லை என்று எடுங்கள், சராசரியாக மட்டும் எடுக்காதீர்கள். சம்பளத்துக்கு மறுநாள், வாரவிடுமுறைக்கு மறுநாள் தனியாகப் பாருங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களையும், பொங்கலை ஒட்டிய வாரத்தையும் சாதாரண நாட்களோடு சேர்க்காதீர்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் வீட்டில் தறி இருக்கும் குடும்பங்களிலிருந்து வரும் டெய்லர்கள் பாவு பிணைக்கும் (தறியில் புது நூலை இணைக்கும்) நாளில் வீட்டில் நிற்கவேண்டியிருக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டால் அவர் நாள் சொல்லிவிடுவார். இது ஒழுங்கீனம் இல்லை. அந்த வீட்டின் வருமானம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. மாடல் அதை ஏற்றுக்கொண்டு, அந்த நாளில் யார் எந்த மெஷினுக்கு மாறுவார் என்று சொல்லவேண்டும்.

மெஷின் பழுதைக் கடிகார நேரத்தில் போடாதீர்கள். தையல் மெஷின் ஓடும்போதுதான் கெடும், சும்மா இருக்கும்போது கெடாது. எத்தனை மணி ஓடிய பிறகு நின்றது என்று போடுங்கள். பாபின் மாற்றுவதை இத்தனை பீஸுக்கு ஒரு முறை என்று போடுங்கள். மெக்கானிக் ஒருவரே மூன்று லைனுக்கும் இருப்பாரானால் அவரையும் மாடலில் ஓர் ஆளாக வைக்கவேண்டும். பழுது பார்ப்பதைவிட அவர் வந்துசேரும்வரை காத்திருப்பதுதான் பல சமயம் அதிக நேரம் பிடிக்கும்.

ஆல்டர் வந்த பீஸ் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். தைத்தவரிடமே திரும்பினால் அவர் வரிசையில் முன்னால் நிற்கிறதா, கடைசியில் நிற்கிறதா என்பதும் முக்கியம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் எடுக்கிறது என்பதை ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு நாட்களை மாடலில் சேர்க்கத் தேவையில்லை, அன்று யூனிட்டே வேறு மாதிரி ஓடும்.

7. மாடலைக் கட்டுவது

ஒரே மூச்சில் முப்பது மெஷினையும் கட்டாதீர்கள். அசெம்பிளியில் மூன்று மெஷினை மட்டும் கட்டி ஓட்டுங்கள், கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், அப்புறம் அடுத்த மூன்று.

ரீடிங்குகளுக்கு எந்தப் பரவலை (எந்த நேரம் எவ்வளவு அடிக்கடி வரும் என்ற வடிவத்தை) போடுவது என்று குழம்புவீர்கள். நார்மல் பரவலைப் போடாதீர்கள். தையல் நேரம் இடதுபக்கம் ஒரு அளவுக்குக் கீழே போகாது, வலதுபக்கம் நீண்ட வால் இருக்கும். லாக்நார்மல் அல்லது காமா பொருந்தும். ரீடிங்குகள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று கோல்மகரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். ரீடிங் கொஞ்சமே இருந்தால் குறைந்தது, அடிக்கடி வருவது, அதிகம் என்ற மூன்றை வைத்து முக்கோணப் பரவல் போதும்.

பண்டிலை ஒரு பொருளாக வைத்தால் ஒரு பெரிய குழி இருக்கிறது. 20 பீஸ் பண்டிலுக்கு நேரம் வேண்டும் என்று பரவலிலிருந்து ஒரே ஓர் எண்ணை எடுத்து 20-ஆல் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மாறுபாடும் 20 மடங்காகிவிடும். நிஜத்தில் சில பீஸ் தாமதமாகும், சில வேகமாகும், ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். பண்டிலின் விலக்கம் ஒரு பீஸின் விலக்கத்தைப்போல் சுமார் நாலரை மடங்குதான் இருக்கும். 20 எண்களைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டுங்கள். அதன்மேல் அவிழ்க்கும், கட்டும் நேரத்தைச் சேருங்கள். இந்த ஒரு வரியைத் தவறாக எழுதினால் லைன் முழுக்க இல்லாத நெரிசல் தெரியும், தேவையில்லாத இடத்தில் மெஷின் வாங்கச் சொல்லிவிடுவீர்கள்.

பாடப் புத்தகங்களில் வார்ம்-அப் நேரத்தை (காலியாகத் தொடங்கும் மாடல் நிரம்பும்வரை ஆகும் நேரத்தை) கழிக்கச் சொல்வார்கள். நம் லைன் காலையில் காலியாகத் தொடங்குவதில்லை, நேற்றுத் தேங்கிய பண்டில் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் இருக்கும். ஒரு நாள் காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் போய் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் எத்தனை பண்டில் என்று எண்ணி, மாடலை அந்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். அப்போது கழிக்க எதுவும் இருக்காது.

8. நிஜ லைனோடு ஒப்பிடுங்கள்

ஒரு முறை ஓட்டி வந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். பத்து முறை வேறு வேறு ராண்டம் விதைகளோடு (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) ஓட்டி, சராசரியையும் அது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற இருபக்க இடைவெளியையும் எடுங்கள். 450, கூடக்குறைய 16 என்று வந்தால் இடைவெளி பெரிது. அதை 8 ஆக்க வேண்டுமென்றால் ஓட்டத்தை நாலு மடங்காக்க வேண்டும், அதாவது 40 முறை. கம்ப்யூட்டருக்கு அது சில நிமிட வேலை.

ஒப்பிடும்போது மொத்த உற்பத்தியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான மொத்தத்தைக் கொடுக்கும். மணிவாரி உற்பத்தி, ஒவ்வொரு மெஷின் முன்னாலும் தேங்கும் பண்டில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் எடுத்த நாட்களை விட்டுவிட்டு வேறு நாட்களின் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். மாடல் நிஜத்தைவிட அதிகம் காட்டினால், தையல் நேரத்தை ஏற்றி ஒத்துப்போக வைக்கும் ஆசை வரும். கூடாது. எதையோ விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்ப ஃப்ளோருக்குப் போய்த் தேடுங்கள். பெரும்பாலும் அது பண்டில் எண் பொருத்தமாகவோ சின்ன நிறுத்தங்களாகவோ இருக்கும்.

அப்புறம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய் மாடல் ஓடுவதைக் காட்டுங்கள். "இங்கே இவ்வளவு குவியாதே" என்று அவர் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

9. மாற்றங்களை ஓட்டிப் பார்ப்பது

இப்போதுதான் உங்கள் கேள்விக்கு வருகிறோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், எல்லா மாற்றங்களுக்கும் அதே ராண்டம் விதைகளைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் வித்தியாசம் மாற்றத்தால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று தெரியாது.

கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. இப்போதைய லைன் 448 பீஸ், கூடக்குறைய 8. காலர் அட்டாச் முன்னால் மூட்டை குவிந்திருப்பதால் அங்கே ஒரு மெஷின் கூட்டினால் 455 வருகிறது. இடைவெளியைப் பார்த்தால் இதை முன்னேற்றம் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஏனென்றால் அங்கே குவிவதற்குக் காரணம் பொருத்தமான காலர் வராததுதான். காலர் ரன் ஸ்டிச்சும் காலர் அட்டாச்சும் தெரிந்த ஒருவரைத் தேவைப்படும் இடத்துக்கு மாற்றினால் 497 வருகிறது. மூட்டை குவியும் இடமும் லைனைத் தடுக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று இல்லை. சிமுலேஷன் செய்வதில் எனக்குப் பிடித்ததே இது கண்முன் தெரிவதுதான்.

பண்டில் அளவைக் குறைத்துப் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள், அதற்குப் பணச் செலவு கிடையாது. லைனுக்குள் 900 பீஸ் தேங்கி, மணிக்கு 60 பீஸ் வெளியே வந்தால், ஒரு பீஸ் உள்ளே போய் வெளியே வர 15 வேலை மணி நேரம் ஆகும். தேக்கத்தைப் பாதியாக்கினால் அது ஏழரை மணி. காலையில் வந்த தையல் தவறு அன்றே செக்கிங்கில் தெரிந்துவிடும், 900 பீஸையும் பிரிக்கவேண்டி வராது. ஆனால் பண்டில் ரொம்பச் சிறிதானால் அவிழ்ப்பதும் கட்டுவதுமே வேலையாகிவிடும். எந்த அளவில் அது திரும்புகிறது என்று 20, 15, 10, 5 என்று ஓட்டிப் பாருங்கள்.

ஓவர்டைமைத் தீர்வாக எழுதுவதற்கு முன்னால் சட்டப்படி அதற்கு இரட்டிப்புக் கூலி என்பதையும், இரவு வீடு திரும்பும் வேன் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. மேனேஜரிடம் கொடுக்கும் தாள்

ஒரே பக்கம் போதும். கேள்வி, இப்போதைய நிலை, மூன்று மாற்றங்கள், ஒவ்வொன்றின் உற்பத்தி, இடைவெளி, மாதச் செலவு. கூடுதலாக ஓர் ஆள் என்றால் சம்பளத்தோடு முடியாது. யூனிட் கட்டும் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின்மேலும் பி.எஃப். பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். இவற்றை விட்டுவிட்டுக் கணக்குக் காட்டினால் அக்கவுண்ட்ஸ் ஒரே பார்வையில் தாளைத் திருப்பி அனுப்பிவிடும்.

வேகத்தைக் கூட்டச் சொல்லும் மாற்றத்தைப் பட்டியலில் வைக்காதீர்கள். எல்லா டெய்லரும் 10 சதவீதம் வேகமானால் உற்பத்தி கூடும் என்று காட்ட மாடல் எதற்கு? ஆட்களைக் கசக்காமல் லைனை மாற்றுவதற்குத்தான் இவ்வளவு பாடும்.

சொந்த யூனிட் வைத்திருப்பவர்கள் ஆலோசகரை வைத்துச் செய்ய நினைத்தால், சிறு, குறு, நடுத்தர யூனிட்டுகளில் வீணாவதைக் குறைக்க உதவும் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தைப் பாருங்கள். 2023-இல் புதுப்பிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள் உண்டு. வழிகாட்டுதலுக்கும் ஆலோசகருக்கும் ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர் நடத்தும் யூனிட்டுகளுக்கு இன்னும் 5 சதவீதம். இதற்கு உத்யம் (சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண் வேண்டும். உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும், ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் போதும். பதிவுக் கட்டணம் என்று கேட்டு அரசு முத்திரை மாதிரி படம் போட்ட தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

மாற்றத்தைச் செய்த பிறகு முதல் வாரத்து எண்ணைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இடம் மாறிய டெய்லருக்குப் பழக நேரம் வேண்டும். மூன்றாவது வாரத்தில் மணிவாரி ரிப்போர்ட்டை எடுத்து மாடல் சொன்னதோடு வைத்துப் பாருங்கள். ரீடிங் தாள்களையும் மாடல் ஃபைலையும் ஸ்டைல் எண், தேதி போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சட்டை ஸ்டைலுக்கு கஃப், காலர் பகுதிகள் பெரும்பாலும் அப்படியே ஒத்துவரும். மாறிய ஆபரேஷன்களுக்கு மட்டும் புதிதாக நேரம் எடுத்தால் இரண்டு வாரத்தில் அடுத்த மாடல் தயாராகிவிடும்.